ஆடியில் உலர்த்தி, புரட்டாசியில் பூட்டி

(பொது நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனையியல் ஆசிரியையாக வேலை பார்த்த காலத்தில் மாணவிகளும் அவர்களுடைய அம்மாக்களும் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பீரோவுக்குள்ள எதைப் போட்டு வச்சா பட்டுப்புடவை கெடாம இருக்கும்?" வேப்பிலையா, வசம்பா, அந்துருண்டையா, கடையில் விற்கும் சின்னப் பொட்டலமா என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். எதைப் போடுவது என்பது மூன்றாவது நான்காவது கேள்விதான். பீரோவை எந்த மாதத்தில் திறப்பது, எந்த மாதத்தில் மூடுவது என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சரியாகச் செய்தவர் வீட்டில் எதையும் போடாமலே பட்டு நன்றாக இருக்கிறது. அதில் தவறினால் எதைப் போட்டாலும் பயன் குறைவு. இன்று இதைத்தான் விளக்கப் போகிறேன்.

பருவம் மாறும்போது அலமாரியை மாற்றி அடுக்கச் சொல்லும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. கோட்டை மடித்து உள்ளே வை, மெல்லிய சட்டையை வெளியே எடு என்று அவர்கள் சொல்வது அவர்களுக்குப் பொருந்தும். நமக்கு மார்கழிக்கு ஒரு ஸ்வெட்டர், தாத்தாவுக்கு ஒரு மஃப்ளர், ஊட்டிக்குப் போனபோது வாங்கிய குல்லா, இவ்வளவுதான் குளிர்காலம். நம் துணிகளுக்கு உண்மையான பருவங்கள் இரண்டு: காற்று காய்ந்திருக்கும் மாதங்கள், காற்று ஓதமாக இருக்கும் மாதங்கள். சென்னையில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த நாட்களில் காலை நேரத்துக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். துணியில் பூஞ்சை பிடிக்க 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே போதும்.

துணிக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைக்குக் காய்ந்ததாகத் தெரிகிற துணியிலும் தண்ணீர் இருக்கிறது. காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது நூறு கிராம் பருத்தி எட்டரை கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டு 11 கிராம், கம்பளி 16 கிராம். பாலியஸ்டர் அரை கிராமுக்கும் குறைவு. ஒரு சாதாரண வீட்டு பீரோவில் இருபது கிலோ பருத்தித் துணி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒன்றே முக்கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல், நூலுக்குள். காற்று ஈரமானால் இந்த அளவு ஏறும், காய்ந்தால் இறங்கும்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு செய்தி இருக்கிறது. நன்றாகக் காய்ந்த துணியை நெருக்கமாக அடுக்கி மூடிவிட்டால், உள்ளே நுழையும் கொஞ்சநஞ்ச ஈரத்தை அந்தத் துணிகளே பங்கிட்டு வாங்கிக்கொள்ளும். எந்த ஒரு துணியும் பூஞ்சை பிடிக்கும் அளவுக்கு நனையாது. ஆனால் ஈரக்காற்று வீசும் நாளில் அடுக்கி மூடினால் அதே துணிகள் அந்த ஈரத்தை மாதக்கணக்கில் விடாமல் வைத்திருக்கும். பீரோவுக்குள் எந்த மாதத்துக் காற்றைப் பூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மாசி மாதத்தில் நம் புடவை எப்படி வெளியே வரும் என்பது முடிவாகிறது.

சரி, நல்ல காற்று எப்போது வருகிறது? ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்ன அதே காற்று. மதுரை, திருச்சி, சேலம் பக்கத்து வீடுகளில் துணியை உலர்த்த இதைவிட நல்ல காற்று வருடத்தில் கிடைப்பது அரிது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஒரு திருத்தம்: பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் ஈரம் ஏறிவிடும். அங்கே காலை வெயில் ஏறியதும் தொடங்கி, கடற்காற்று வருமுன் வேலையை முடித்துவிட வேண்டும். நாகர்கோவில், வால்பாறை, கூடலூர்க்காரர்களுக்கு இந்த நாள்காட்டியே வேறு. அவர்களுக்கு ஆனியும் ஆடியும் மழைக்காலம். அவர்கள் மாசி, பங்குனியில் உலர்த்தட்டும். ஊருக்கு ஊர் காற்று மாறுகிறது, எல்லோருக்கும் ஒரே தேதியைச் சொல்லிவிட முடியாது.

ஆடித் தள்ளுபடியில் புதுத்துணி வாங்கி பீரோவுக்குள் திணிக்கிறோமே, அந்த மாதம்தான் உண்மையில் பீரோவை முழுக்கக் காலி செய்ய வேண்டிய மாதம். அந்த ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு காஞ்சிபுரம் பட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கட்டிலில் ஒரு சுத்தமான பழைய வேட்டியை விரியுங்கள். கையில் இருக்கும் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுப் புடவையை எடுங்கள். போன வருடம் மடித்த மடிப்பு அப்படியே கோடாக நிற்கும். அந்தக் கோட்டைக் கூர்ந்து பாருங்கள், குறிப்பாகக் கரையில் ஜரிகை ஓடும் இடத்தில். அசல் ஜரிகை என்பது ஒரு பட்டு நூலின் மேல் மிக மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் பூச்சு கொடுத்தது. பொன்னின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. உலோகக் கம்பியை ஒரே இடத்தில் மடித்து, அதன்மேல் பத்துப் புடவையின் பாரத்தையும் ஏற்றி வைத்தால், கம்பி அந்த இடத்தில் ஒடிகிறது. ஒடிந்த முனை பக்கத்துப் பட்டு நூலை அறுக்கிறது. "மடிப்புல விட்டுப்போச்சு" என்று பெண்கள் சொல்வது இதைத்தான். புடவையைக் கட்டாமலே பத்திரமாக வைத்திருந்தேன், எப்படிக் கிழிந்தது என்று கேட்பவர்களுக்கு விடை அந்தக் கோட்டில் இருக்கிறது. எடுக்காமல் வைத்திருந்ததுதான் காரணம்.

ஆகவே பழைய மடிப்பிலிருந்து நான்கு விரல் தள்ளி மடியுங்கள். மடிப்புக்கு உள்ளே பழைய மல் துணியை உருட்டி வையுங்கள், மடிப்பு கூராக விழாது. ஜரிகை கனமான புடவையை ஹேங்கரில் தொங்கவிட வேண்டாம். தன் எடையாலேயே அது இழுபட்டு, ஹேங்கர் கம்பி படும் இடத்தில் நிரந்தரமாகக் கோடு விழும். புடவையோடு சேர்த்து மடித்திருக்கும் ரவிக்கையைத் தனியே எடுங்கள். அக்குளில் வியர்வை உப்பு காய்ந்து நிற்கும். அந்த உப்பு பட்டையும் இத்துப்போகச் செய்யும், வெள்ளியையும் கறுக்கச் செய்யும். ஊசி, சேஃப்டி பின் ஏதாவது குத்தியபடியே இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். துரு இறங்கினால் போகாது.

பிறகு நிழலில், காற்றோட்டத்தில், விரித்தபடி சில மணி நேரம். நிழல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெயிலில் போட்டு எடுத்தால் பூச்சியெல்லாம் போய்விடும் என்று பருத்திக்குச் செய்வதைப் பட்டுக்கும் செய்துவிடுகிறோம். இயற்கை இழைகளில் வெயிலை மிகக் குறைவாகத் தாங்குவது பட்டு. புறஊதாக் கதிர் அதன் புரதத்தையே சிதைக்கிறது. சாயம் வெளுப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது, இழை பலமிழப்பது தெரிவதில்லை. பருத்தியையும் கம்பளியையும் தாராளமாக வெயிலில் போடுங்கள். ஆனால் வெயிலிலிருந்து சூட்டோடு எடுத்து அடுக்காதீர்கள். பெட்டி போட்ட துணிக்கும் இதே விதி. ஆறட்டும்.

ஜப்பானில் இந்த வேலைக்கு ஒரு சமூக ஒழுங்கே இருக்கிறது. ஜூன் 1, அக்டோபர் 1 என்று இரண்டு நாட்கள். பள்ளிச் சீருடை முதல் அலுவலக உடை வரை அன்று மாறுவது வழக்கம். அரண்மனையில் பல நூற்றாண்டுகளாக இருந்த வழக்கத்தை மெய்ஜி அரசு ஆங்கில நாள்காட்டிக்கு மாறிய 1873இல் இந்தத் தேதிகளுக்குக் கொண்டுவந்தது. கிமோனோவிலும் உள்துணி வைத்துத் தைத்தது குளிருக்கு, உள்துணி இல்லாதது ஜூனுக்கும் செப்டம்பருக்கும், வலைபோல் நெய்த மெல்லியது ஜூலை, ஆகஸ்டுக்கு என்று மாதக் கணக்கு உண்டு. எனக்கு அதைவிட வியப்பானது நாரா நகரில் தோதாய்ஜி கோயிலைச் சேர்ந்ததாக இருந்த ஷோசோயின் கருவூலம். 756இல் பேரரசர் ஷோமு இறந்தபின் அவருடைய மனைவி அவர் பயன்படுத்திய பொருட்களைப் புத்தருக்குக் காணிக்கையாக்கினார். பட்டுத் துணிகளும் அவற்றில் உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவை இருக்கின்றன. பல நூற்றாண்டுகளாக அவை இருந்தது தரையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலே தூக்கிக் கட்டிய மரக் கட்டடத்தில்: அதற்குள் மரப்பெட்டிகள், பெட்டிக்குள் துணி. நிறைய வருடங்கள் பூட்டியே கிடந்த இடம் அது. ஆனால் 8, 9ஆம் நூற்றாண்டுகளிலேயே பொருட்களை வெளியே எடுத்துக் காற்றாட விட்டுக் கணக்குப் பார்த்ததற்குப் பதிவேடுகள் உள்ளன. இன்றும் மழையும் புழுக்கமும் ஓய்ந்த இலையுதிர் காலத்தில்தான் வருடத்துக்கு ஒருமுறை முத்திரையை உடைத்துத் திறக்கிறார்கள். ரசாயனம் எதுவும் கண்டுபிடிக்காத காலத்தில் காற்றைப் பார்த்துத் திறந்து மூடிய ஒழுங்கு அந்தப் பட்டைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு வகித்தது.

நம் ஊருக்குத் திரும்புவோம். ஆடியில் உலர்த்தியதைப் புரட்டாசி மழை இறங்குமுன் அடுக்கிப் பூட்டிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஆனால் செப்டம்பரிலேயே மாலை இடிமழை வரத் தொடங்கிவிடுகிறது. இங்கேதான் அலமாரியை இரண்டாகப் பிரிக்கும் வேலை வருகிறது. தினமும் திறக்கும் தட்டு ஒன்று. தை முடியும்வரை திறக்கவே கூடாத தட்டு ஒன்று. இரண்டும் ஒரே கதவுக்குள் இருக்கக் கூடாது. ஒரு சட்டை எடுக்க தினம் நாலு முறை கதவைத் திறக்கும் பீரோவில் பட்டு இருந்தால், நாலு முறையும் பட்டுக்கு மழைக்காற்று போகிறது. இடம் இல்லாத வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியே போதும். உட்புறம் துரு இல்லாமல் துடைத்து, துவைத்த வெள்ளை வேட்டியை உள்ளே சுற்றிலும் விரித்து அடுக்கினால் நல்ல பெட்டி அது. பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு கட்டைமேல் ஏற்றுங்கள். பீரோவானாலும் வெளிச்சுவரிலிருந்தும் குளியலறைச் சுவரிலிருந்தும் ஒரு கை நுழையும் அளவு தள்ளி வையுங்கள். ஓதச் சுவரை ஒட்டி நிற்கும் பீரோவில் பின்தட்டுத் துணிதான் முதலில் பூஞ்சை பிடிக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவைகளைக் கஞ்சி போக அலசிய பிறகே உள்ளே வையுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு.

ஆனால் ஐப்பசியில் தீபாவளி இருக்கிறதே, கார்த்திகையில் முகூர்த்தங்கள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மழைக்காலத்தில் கட்டப் போகிற புடவைகளை முன்பே யோசித்து, ஐந்தாறு எடுத்து, வெளித் தட்டில் தனியாக வையுங்கள். அவை தை வரை வெளியேதான். பூட்டியதைத் திறந்து நடுவில் சேர்க்கக் கூடாது. தீபாவளிப் பட்டுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பட்டாசு மருந்தில் கந்தகம் இருக்கிறது. அந்தப் புகை வெள்ளியில் பட்டால் வெள்ளி கறுக்கும், ஈரக்காற்று அதைத் துரிதப்படுத்தும். நம் பண்டிகையும் நம் மழையும் ஒரே காலத்தில் வந்து ஜரிகையின்மேல் விழுகின்றன. பட்டுடுத்தி மத்தாப்புக் கொளுத்துவதை நான் தடுக்க மாட்டேன். அன்றிரவு அவிழ்த்ததும் மடிக்காமல் மின்விசிறிக் காற்றில் கொடியில் விரித்துப் போடுங்கள், அதுபோதும்.

இப்போது அந்துருண்டைக்கு வருகிறேன். பாச்சை உருண்டை என்று சில ஊர்களில் சொல்வதும் இதுவே. இதைப் பற்றித்தான் நான் மிகவும் கவலையோடு பேச விரும்புகிறேன். அது நாப்தலின். உருகாமல் நேராக ஆவியாகும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி அடர்ந்தால் அந்துப்பூச்சியின் புழுவைக் கொல்லும். தினமும் திறக்கும் பீரோவில் அந்த அடர்த்தி வருவதில்லை, வாடைதான் வருகிறது. ஈரத்தை அது ஒரு துளியும் உறிஞ்சாது. நம் வீடுகளில் பட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம் என்பதால், அது செய்யும் உதவியே குறைவு.

செய்யும் கேடு பெரிது. நம்மிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று, பாட்டியின் பழைய நூல் புடவையையோ தாத்தாவின் வேட்டியையோ கிழித்து மெத்தென்று சுற்றுவோம். அந்தப் பழைய துணி எங்கிருந்து வருகிறது? பரணில் இருக்கும் பெட்டியிலிருந்து. பெட்டியில் அந்துருண்டை. ஜி6பிடி என்ற நொதி உடலில் குறைவாக இருக்கும் குழந்தைகள் உண்டு. பெரும்பாலும் ஆண் குழந்தைகள், பார்த்தால் ஒரு வேறுபாடும் தெரியாது. அவர்கள் நாப்தலின் ஆவியைச் சுவாசித்தாலோ அது தோல் வழியாக ஏறினாலோ சிவப்பணுக்கள் உடைந்து சிதறும். மஞ்சள் காமாலை முற்றி மூளை வரை பாதிக்கும். இறந்த குழந்தைகளும் உண்டு. 1950களிலிருந்து மருத்துவ ஏடுகள் இதைப் பதிவு செய்து வருகின்றன. எண்ணெய் தேய்த்த தோலில் நாப்தலின் இன்னும் எளிதாக ஏறும். நாமோ குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் நாப்தலினைச் சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலின் உருண்டைகளை 2008இல் தடை செய்தது. நம் மளிகைக் கடையில் அது இன்றும் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், மிட்டாய் போலவே வெள்ளையாக, உருண்டையாக இருக்கிறது.

வீட்டில் மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால், வளைகாப்புக்கு முன்பே குழந்தைக்கான பழைய துணிகளைத் தனியே எடுத்து, வெந்நீரில் இரண்டு முறை துவைத்து, வெயிலில் பல நாள் காயவிட்டு, உருண்டை வாடையே இல்லாத வேறு பையில் கட்டி வையுங்கள். வாடை லேசாக இருந்தாலும் அந்தத் துணி வேண்டாம். கிழித்துத் தரை துடையுங்கள்.

மாற்று என்ன? தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துத் துணியில் முடிந்து வைக்கும் முறை இருக்கிறது. வசம்புக்குப் பூச்சியை விரட்டும் ஆற்றல் உண்டு. வெட்டிவேர் நல்ல மணம் தரும், அதற்குமேல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். எதுவானாலும் முடிச்சாகக் கட்டி, துணியில் நேராகப் படாமல் தட்டின் ஓரத்தில் வையுங்கள். ஆறு மாதத்தில் வாடை போனதும் மாற்றுங்கள். பச்சை வேப்பிலையைப் போடாதீர்கள். அதன் ஈரம் துணிக்குப் போகும், கறையும் படியும். நிழலில் நொறுங்கக் காய்ந்ததை மட்டும். கம்பளியில் உண்மையாகவே அந்து விழுந்துவிட்டதென்றால், பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டை முதல் புழு வரை சாகும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். அப்போதுதான் வியர்க்கும் நீர் பைக்கு வெளியே நிற்கும்.

தை முடிந்து மாசியில் பூட்டைத் திறக்கலாம். அன்று மூக்குதான் முதல் கருவி. பூசண வாடை அடித்தால் அந்தத் துணியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொண்டு மென்மையான பிரஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சைத் தூள் மற்ற துணிகளில் போய் உட்காரும். கறுத்த ஜரிகையைப் பல்பொடி போட்டுத் தேய்க்காதீர்கள், பொன் பூச்சுத்தான் போகும்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை பார்த்தது, 2023 டிசம்பரில் சென்னையும், பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலியும் பார்த்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பீரோவின் கீழ்த்தட்டில் பட்டு வைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது, கனமானது கீழே என்ற எண்ணத்தில். மழைக்காலத்துக்குப் பூட்டும்போது பட்டு மேலே, பாலியஸ்டரும் போர்வையும் கீழே. அப்படியும் நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் உடனே அலசிச் சேற்றை நீக்குங்கள். சாயம் போகிற புடவையை இன்னொன்றின்மேல் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். முறுக்கிப் பிழியாமல் துவாலையில் சுருட்டி ஈரத்தை எடுத்து, விசிறிக் காற்றில் விரியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் காயவைக்க முடியாது என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலிதீன் பையில் போட்டு உறைநிலைப் பகுதியில் வையுங்கள். பூஞ்சைக்கு அங்கே வளர வழியில்லை. மின்சாரம் இருக்கும் வீடு எதுவோ அங்கே கொடுத்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காயவையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு புடவை இத்துப்போனால், தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்கறதே" என்று குரல் கொடுத்து வருவார்களே, அவர்களிடம் கொடுக்குமுன் மட்டும் ஒரு தடவை யோசியுங்கள். அவர்கள் எடைபோட்டு வாங்கி, எரித்து, வெள்ளியை எடுப்பவர்கள். உடல் இத்துப்போன புடவையிலும் கரையும் முந்தானையும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அவற்றைப் பிரித்து, வேறு நூல் துணியோடு சேர்த்துத் தைத்துத் தரும் தையற்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாசியில் பெட்டியைத் திறக்கும்போது அப்படி ஒன்று கைக்கு வந்தால், அவர்களிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.